மறுமொழி: சீனியாரிட்டி லிஸ்ட் இன்டெகிரேஷனுக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். விமான நிறுவனங்கள் ஒன்றாகும்போது அவற்றின் விமானிகளுடைய சீனியாரிட்டி பட்டியல்களையும் ஒன்றாக்குவதற்கு என்ன சொல் வைப்பது என்பதுதான் பேச்சு.

> 'பணிமூப்புப் பட்டியல் இணைப்பு' என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமே. அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே.

பட்டியல் வரைக்கும் சரி ஐயா. மற்ற இரண்டு சொல்லும் ஆளுக்கொரு கட்சியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன, அதுதான் என் சிக்கல்.

பணிமூப்பு என்றதும் நமக்கு வேலையில் சேர்ந்த தேதிதான் நினைவுக்கு வரும், பதவி உயர்வு நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்க விமானிக்கு அது அன்றாடச் சோறு. எந்த விமானம், இடது இருக்கையா (கேப்டன்) வலது இருக்கையா (துணை விமானி), எந்த ஊர் தளம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க முடியுமா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் அவருடைய எண் என்ன என்பதைப் பொறுத்தது. ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வை ஓய்வு பெறும்வரை மாதாமாதம் நடத்தினால் எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் நிற்பவர் எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. (இப்படி வரிசைப்படி விருப்பம் சொல்லும் பிட்டிங் என்பதைப் பழைய வரைவில் 'ஏலம்' என்று போட்டிருக்கிறார்கள். யாரும் பணம் கட்டிக் கேட்பதில்லை, தயவுசெய்து 'விருப்பப் பதிவு' என்று மாற்றிவிடுவோம்.) வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போச்சு, இருபது வருட அனுபவம் இருந்தாலும் அங்கே கடைசி ஆள். அதனால் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடவும் முடியாது. நிறுவனங்கள் இணைகின்றன என்ற செய்தி வந்தால் இவர்களுக்குத் தூக்கம் போவது இதனால்தான்.

இப்போது நிஜமாக நடந்த ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் மெம்பிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பினக்கிள் விமானக் குழுமம் 2007ல் கோல்கன் ஏரை வாங்கியது, 2010 ஜூலையில் டெல்டா ஏர்லைன்ஸிடமிருந்து மெசாபாவை வாங்கியது. மூன்றும் பெரிய நிறுவனங்களுக்காகச் சிறு விமானம் ஓட்டும் பிராந்திய நிறுவனங்கள். பினக்கிளில் 50 இருக்கை சிஆர்ஜே-200, 76 இருக்கை சிஆர்ஜே-900. மெசாபாவில் அந்த ஜெட்டுகளோடு 34 இருக்கை சாப் 340 என்ற விசிறி விமானமும் உண்டு. கோல்கனிடம் சாப், கியூ400 என்ற விசிறி விமானங்கள்தான், ஜெட்டே கிடையாது. மூன்று பட்டியலையும் ஒன்றாக்க வேண்டும். மெசாபா 1944லேயே தொடங்கிய நிறுவனம். பழைய நிறுவனத்தில் இடது இருக்கைக்கு வருவதற்குள் தலை நரைத்துவிடும், வேகமாக வளர்கிற இடத்தில் சில வருடத்திலேயே கேப்டன் ஆகிவிடலாம். தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் நேற்றுவரை கேப்டனாக இருந்த இளையவர், பழைய நிறுவனத்துத் துணை விமானிக்குப் பின்னால் போய்விடுவார். இருக்கையையும் விமானத்தையும் வைத்து வரிசைப்படுத்தினால் அந்தத் துணை விமானி இத்தனை வருடம் காத்திருந்ததெல்லாம் வீண். சாப் கேப்டன் பெரியவரா, சிஆர்ஜே-900ன் துணை விமானி பெரியவரா என்று கேட்டால் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் வரும். பெரிய விமானத்துக்குச் சம்பளமும் கூட என்பதால் இது வெறும் கௌரவப் பிரச்சினையும் இல்லை.

2011 ஜூனில் ரிச்சர்ட் பிளாக் என்ற நடுவர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் குழுமம் திவால் மனு போட்டது, கியூ400ம் சாப்பும் போயின, 2012 முடிவதற்குள் கோல்கனே இல்லை, 2013ல் மிச்சம் இருந்தது டெல்டாவின் கையில் எண்டெவர் ஏர் என்று பெயர் மாறியது. எந்த விமானத்துக்கு என்ன மதிப்பு என்று அவ்வளவு வாதாடினார்களோ அந்த விமானங்களில் பல போய்விட்டன, எண் மட்டும் நின்றது! ஆகவே தலைச்சொல்லில் தேதியும் வேண்டாம், விமானமும் வேண்டாம், வரிசை இருந்தால் போதும் என்பது என் கட்சி. 'மூப்பு வரிசை' என்றே வைக்கலாம்.

அப்புறம் 'இணைப்பு'. இரண்டு பட்டியலை இணைத்தேன் என்றால் ஒன்றின் அடியில் மற்றதை ஒட்டினேன் என்றும் பொருள் வருகிறதல்லவா? அப்படி ஒட்டுவதற்குத்தான் இவர்கள் ஸ்டேபிள் என்று பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். 2001ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை வாங்கியபோது டிடபிள்யூஏவின் கேபின் பணியாளர் அத்தனை பேரும் பட்டியலின் அடியில் போனார்கள், விமானிகளிலும் பெரும்பகுதி அப்படியே. அதன் விளைவாக 2007 டிசம்பரில் அமெரிக்காவில் மெக்காஸ்கில்-பாண்ட் சட்டத்திருத்தம் வந்தது. 1972ல் அலெகெனி, மோஹாக் என்ற விமான நிறுவனங்கள் இணைந்தபோது விதித்த பாதுகாப்பு நிபந்தனைகளை அது எல்லா நிறுவனத்துக்கும் பொருத்தியது. வரிசையை நியாயமாகச் சேர்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவர். இந்த ஸ்டேபிளுக்கு 'வால்சேர்ப்பு' என்று முன்வைக்கிறேன், கொஞ்சம் குத்தலாக இருக்கிறது, இருக்கட்டும், மூலச் சொல்லும் குத்தல்தான்.

> 'பின்னல்' என்றால் சடை நினைவுக்கு வருகிறதே?

வரட்டும் அம்மா. 'இணைப்பு'க்குப் பதிலாக நான் சொல்வது அதைத்தான். வலைப்பின்னல் என்று எழுதும்போது யாருக்கும் சடை நினைவுக்கு வருவதில்லை. இங்கே நடப்பதும் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று விகிதம் போட்டு மாற்றி மாற்றி நுழைப்பதுதான். 'ஒருங்கிணைப்பு' என்றால் ஒருங்கிணைப்பாளர் மேடையேறிவிடுவார். ஆக, 'மூப்பு வரிசைப் பின்னல்'.

ஃபென்ஸுக்கு 'வேலி' என்று நேராகவே வைக்கலாம். இந்த விமானங்களுக்கு இத்தனை ஆண்டு இந்தத் தரப்பு விமானிகள் மட்டுமே என்று அடைத்து வைப்பது. அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நம் நாட்டிலேயே பார்த்தோம். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007ல் இணைந்தன, 2012ல் போயிங் 787 பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் கொடுப்பதை எதிர்த்துப் பழைய ஏர் இந்தியா விமானிகள் மே முதல் ஜூலை வரை வேலைக்கு வரவில்லை. அப்போது அந்த விமானம் ஒன்றுகூட வந்து சேரவில்லை, முதலாவது செப்டம்பரில்தான் வந்தது.

இணைப்பால் எவரையும் இருக்கும் இருக்கையிலிருந்து எழுப்பக் கூடாது என்ற நிபந்தனைக்கு 'இருக்கைக் காப்பு'.

ஆள் மிகும்போது விமானியை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும் ஃபர்லோதான் பிடிபடவில்லை. போன மடலில் வந்த 'கட்டாய விடுப்பு' பொருந்தாது, இப்படி நிறுத்தப்பட்டவருக்குச் சம்பளம் கிடையாது, வேலையும் கிடையாது, எண்ணும் திரும்பக் கூப்பிடப்படும் உரிமையும்தான் கையில். யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் இணைப்புத் தகராறில் 2007ல் நடுவர் நிக்கொலாவ் யுஎஸ் ஏர்வேஸ் தரப்பில் இப்படி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை, 1988ல் சேர்ந்தவர் உட்பட, மறுதரப்பில் கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கீழே வைத்தார். அந்தக் கோபத்தில் அடுத்த ஆண்டு யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் சங்கத்தையே மாற்றிவிட்டார்கள். விடுப்பு என்று எழுதினால் இந்தச் சண்டையே புரியாது. 'மீளழைப்பு நீக்கம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், வாயில் நுழைய மறுக்கிறது. ரயில்வேயிலோ ஆலைகளிலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால், லே-ஆஃபுக்கு அங்கே பேச்சில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள், அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.