பழைய ஓக் தரை, 320 சதுர அடி: 500 டாலருக்குள் நாமே புதுப்பிக்க முடியுமா?

எடிசன்வாசி:
நியூஜெர்சியில் 1952-ல் கட்டிய வீடு. கார்ப்பெட்டைப் பிரித்தால் அடியில் ரெட் ஓக், இரண்டேகால் அங்குலப் பலகை. நடக்கிற வழியில் வார்னிஷ் மங்கியிருக்கிறது, எங்கு பார்த்தாலும் ஸ்டேப்பிள், ரேடியேட்டருக்குக் கீழே கையகலக் கறுப்புக் கறை. ஆள் வைத்தால் சதுர அடிக்கு 5 டாலர் கேட்கிறார்கள். நாமே செய்தால் எந்தத் தேய்ப்பு மெஷின்: உருளை சுழலும் டிரம் சாண்டரா, தட்டு சுற்றும் ஆர்பிட்டலா?

இழைப்புளி:
மெஷின் பேச்சுக்கு முன்னால், தேய்க்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மங்கிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். மரம் உறிஞ்சிக் கறுத்தால் முழுசாகத் தேய்க்க வேண்டியதுதான். முத்தாக நின்றால் பஃபரில் (தரையை மெருகேற்றும் சுழல் மெஷின்) 120 ஸ்கிரீன் (வலை போன்ற தேய்ப்புத் தாள்) போட்டு லேசாகச் சொரசொரப்பாக்கி, மேலே ஒரு கோட் அடித்தாலே போதும். ஆனால் மெழுகு போட்ட தரையிலும் முத்து நிற்கும். அதனால் மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் பழுப்பாக வழவழவென்று வந்தால் அது மெழுகு. அதன்மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் ஒட்டாது, தோலாக உரியும்.

தேய்ப்பது என்று முடிவானால், வாசற்படிப் பட்டையைக் கழற்றிப் பலகையின் கனத்தைப் பாருங்கள். புதிய முக்கால் அங்குலப் பலகையில் நாக்குக்கு (அடுத்த பலகைக்குள் செருகும் விளிம்பு) மேலே கால் அங்குலம்தான் மரம். அது அரைக்கால் அங்குலமாகியிருந்தாலோ, இடுக்கில் ஆணித்தலை தெரிந்தாலோ டிரம்மை மறந்துவிடுங்கள்.

1978-க்கு முந்திய வீடு என்பதால் ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பலகை) பெயின்ட்டிலும் பழைய வார்னிஷிலும் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் தூசி கிளப்ப வேண்டாம்.

கிரிட்36:
முதல் தடவை செய்பவருக்கு என் ஓட்டு ஆர்பிட்டலுக்குத்தான். மெதுவாகத்தான் போகும், தாளும் கூடச் செலவாகும். ஆனால் பள்ளம் தோண்டாது. டிரம்மில் ஒரு நொடி நின்றாலும் குழிதான். அதையே எடுத்தால், நடக்க ஆரம்பித்த பிறகு இறக்கி, நிற்பதற்கு முன்னால் தூக்க வேண்டும். ஓட்டம் பலகையின் ரேகையோடு.

தாளின் சொரசொரப்பு எண் (கிரிட்) 36, 60, 80, 100 என்று வரிசையாக. 36 விட்ட கீறலை 100 எடுக்காது. கோட் அடித்த பிறகுதான் அது பல்லைக் காட்டும். ஒவ்வொரு கிரிட்டிலும் ஓரத்துக்கு எட்ஜர் (சுவரோரம் தேய்க்கும் சிறு மெஷின்), ரேடியேட்டர் அடியில் கைச் சுரண்டி. வாடகை ஒரு நாளோடு முடிய வேண்டுமென்றால் முந்தின நாளே ஸ்டேப்பிள் எல்லாம் பிடுங்கி, ஆணிகளை அரைக்கால் அங்குலம் உள்ளே இறக்கிவிடுங்கள். ஒரு ஸ்டேப்பிள் மிஞ்சினாலும் தாள் கிழியும். தாளைத் தாராளமாக வாங்குங்கள், பிரிக்காததைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இழைப்புளி:
அந்தக் கறுப்பு, ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து வந்தது. தேய்த்து எடுக்கப் பார்த்தால் குழிதான் மிஞ்சும். கடைசிக் கிரிட் முடிந்ததும் ஆக்ஸாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவி, ராத்திரி விட்டுக் காலையில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். கறை மேல் மட்டும் தடவினால் வெளுத்த திட்டு தனியாகத் தெரியும். இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழுப் பலகைக்கும் தடவுங்கள். கையுறை, மாஸ்க் கட்டாயம், காய்ந்த தூள் மூக்கில் ஏறினால் எரிச்சல் தாங்காது. நாய் மூத்திரக் கறை என்றால் இதற்கும் போகாது, பலகையை மாற்றுவதே மேல்.

எடிசன்வாசி:
நன்றி. ஸ்டெயின் (மரச் சாயம்) போட்டு வால்நட் நிறம் கொண்டுவரலாமா? எந்தப் பாலியூரித்தேன், எவ்வளவு?

வார்னிஷ்வாலா:
ஸ்டெயின் வேண்டாம். எட்ஜர் விட்ட வட்டக் கீறல் ஒவ்வொன்றையும் அது எடுத்துக் காட்டும்.

மூன்று கோட் என்றால் 960 சதுர அடி. கேலனுக்குச் சுமார் 500 சதுர அடி ஓடும், இரண்டு கேலன் வாங்குங்கள். வாட்டர் பேஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயார். முதல் கோட்டில் மரத்தின் ரோமம் எழும், 220 தாளால் கையால் தடவிவிட்டு மேலே போங்கள். ஆயில் பேஸ் மலிவு, தேன் நிறம் தரும். நாற்றமும் ஒரு நாள் காத்திருப்பும் உண்டு. இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-காம்பொனென்ட் பக்கம் போகாவிட்டால் 500-க்குள் அடங்கும்.

டப்பாவைக் குலுக்காமல் கிளறுங்கள், இல்லாவிட்டால் குமிழ். அடிக்கும்போது ஃபேன் ஓடக்கூடாது: முந்தின வரி காய்ந்துவிட்டால் அடுத்த வரி சேரும் இடத்தில் கோடு விழும். சாமான் மூன்று நாள் கழித்து, கார்ப்பெட் இரண்டு வாரம் கழித்து.

ஆயில் பேஸ் எடுத்தால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிடுங்கள். சாண்டர் பையிலுள்ள தூளும் அப்படித்தான். ராத்திரி அது வீட்டுக்குள் இருக்கக்கூடாது.