அப்பாவின் கணக்கு நோட்டு: ஜெபித்தால் மட்டும் போதுமா?

கேள்வி (உடன்குடிப் பக்கம்):
கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். மறைந்த என் தகப்பனார் 40 ஆண்டுகள் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். இப்போது நான் நடத்துகிறேன். மழைக்காலத்தில் முன்பணம் வாங்கிய பனையேறிகளிடம், ஈரக் கழிவு என்று சொல்லி, பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவை அவர் குறைத்தே எழுதியிருப்பதைச் சென்ற மாதம் அவருடைய நோட்டில் கண்டேன். மொத்தம் 37 பெயர்கள். சிலர் இறந்துவிட்டார்கள், சில குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. நான் தசமபாகம் தவறியதில்லை, பாடகர் குழுவிலும் இருக்கிறேன். இதற்காக ஜெபித்தால் போதுமா, பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் மகளின் படிப்புக்கு வைத்திருப்பதில் பாதி போய்விடும்.

பதில் (நாசரேத், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
தம்பி, வேதாகமத்தில் லூக்கா 19-ஐ மெதுவாக வாசியுங்கள். வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவிடம் இயேசு பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் வீட்டில் தங்க வந்தார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சகேயு தானாகச் சொன்ன பிறகே, இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். இறந்தவர்களைப் பற்றி எண்ணாகமம் 5-இல் இருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், உரியவன் இல்லையென்றால் அவனுடைய இனத்தானுக்குச் சேர வேண்டும். ஆகவே பிள்ளைகளைத் தேடிக் கொடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று தம்மோடு வந்த திரளான ஜனங்களுக்குச் சொன்னவரும் இயேசுவே. ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு வருடத்தில் கொடுங்கள். ஆனால் முதல் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள்.

பதில் (பாளையங்கோட்டை):
ஐயா, எனக்கு ஒரு தயக்கம். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2-இல் இருக்கிறதே. தகப்பன் செய்ததற்கு மகன் ஏன் வாதைப்பட வேண்டும்?

நாசரேத் ஆசிரியர்:
அதே அதிகாரத்தின் 10-ஆம் வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. தகப்பனின் பாவம் மகனைச் சேராது என்பது உண்மைதான்; ஆனால் அந்த ஒரு கிலோ மகனுடைய வீட்டில் அல்லவா இருக்கிறது! ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல நம் பக்கம் வந்த ஏமி கார்மைக்கேல், 1901-இல் கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பயணங்களை விட்டு, டோனாவூரில் பிள்ளைகளை வளர்க்கவே உட்கார்ந்துவிட்டார். அதையும் ஊழியமல்ல என்று சொல்ல முடியுமா?

பதில் (சாத்தான்குளம் பக்கம்):
அண்ணன், என் அம்மா பதநீர் காய்ச்சியவர். புகையில் கண் எரிய எரியக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார். எடை போடும் இடத்தில் கழிவு என்று சொன்னால், முன்பணம் வாங்கிய வாய் மறுபேச்சுப் பேச முடியாது. ஆகவே தயவுசெய்து இதை உதவி என்று சொல்லாதீர்கள். சபை விருந்தான அசனப் பண்டிகையில் காணிக்கையாகப் பெயர் வாசிக்கவும் விடாதீர்கள். நோட்டோடு போய், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைக் காட்டி, இது உங்களுடையது என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று மாலை முதல் வீட்டுக்குப் போனேன். அந்தப் பாட்டி தன் கணவரின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, எந்த வருடம் என்று கேட்டார்கள். 2009 என்றேன். "அந்த வருசந்தான் மூத்தவ கம்மல அடகு வச்சோம்" என்றார்கள். பணத்தை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்திருந்தார்கள். இன்னும் 36 வீடுகள் இருக்கின்றன. உள்ளூர் வீடுகளைப் பதநீர் இறங்குவதற்குள் முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் புறப்படுகிறேன். இந்த சீசனிலிருந்து எங்கள் கடையில் ஈரக் கழிவு கிடையாது.