மறு: மறு: தோட்டா, குண்டு, சன்னம் – எது எதற்கு?

அனைவருக்கும் வணக்கம்.

நெடுந்தொலைவுக் குறிசுடுதலுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். "ஒரே .223 ரெமிங்டன் தோட்டாவில் 55 கிரெயின் குண்டும் உண்டு, 77 கிரெயின் குண்டும் உண்டு" என்று எழுதிக் காட்டினால் (.223 ரெமிங்டன் ஒரு தோட்டா வகை, கிரெயின் ஒரு சிறு எடையளவு), தோட்டாவும் குண்டும் ஒன்றுதானே என்கிறார்கள் மாணவர்கள். என் மேசையில் சுட்டுக் கழிந்த உறை ஒன்று கிடக்கிறது. பித்தளை, சுண்டுவிரலைவிடக் குட்டை, அடியில் ஊசி குத்திய சிறு பள்ளம். இதற்கு என்ன பெயர்? இதிலிருந்து பறந்து போனதற்கு என்ன பெயர்?
– செ.

செ. அவர்களுக்கு,
"தோட்டா பாய்ந்தது" என்பது முதலாகுபெயர். முழுப்பொருளின் பெயர் உறுப்புக்கு ஆகிவருகிறது. பேச்சில் சரி, கையேட்டில் குழப்பும். முழுமைக்குத் தோட்டா, பாய்வதற்குக் குண்டு என்று பிரித்துவிடுங்கள். தோட்டாவுக்குத் தமிழ் வேர் இல்லை என்பது வேறு உறுத்துகிறது. 'வெடியுறை' எனலாமே?
– இர.

வெடியுறை என்றால் வெறும் பித்தளைதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாய்வதைச் சன்னம் என்போம், கழன்று விழுவதைக் கோது என்போம். முட்டைக்கோது போலத்தான்.
– ந.

இங்கே சன்னம் என்றால் மெலிவு. சன்ன அரிசி, சன்னக் குரல். யாருக்குப் புரியும்?
– வே.

வே. ஐயா, அந்த மெலிவுதான் இங்கே பொருள்! குண்டு என்றால் உருண்டை. ஈயம் உருண்டையாக இருந்த காலத்தில் பெயர் பொருந்தியது. பிரெஞ்சுப் படை அதிகாரி மினியேயின் கூம்பு முனைக் குண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய பிறகு அது உருண்டையே இல்லை. .223இல் விட்டம் 0.224 அங்குலம், அது மாறாது. எடையைக் கூட்ட நீளத்தைத்தான் கூட்ட வேண்டும். நீண்டு மெலிந்தது காற்றைக் கிழித்துப் போகும், வேகத்தை எளிதில் இழக்காது, பக்கக் காற்றுக்குக் குறைவாக ஒதுங்கும். 600 மீட்டருக்கு 77 கிரெயினை எடுப்பது அதனால்தான். ஆனால் குண்டை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழற்றும் பழைய துப்பாக்கிக் குழல் 55ஐ நேராக அனுப்பும், 77ஐத் தடுமாறவிடும். அதற்கு 8 அங்குலத்துக்கோ 7 அங்குலத்துக்கோ ஒரு சுற்று வேண்டும். 'சன்னம்' என்று எழுதினால் இந்தப் பாடம் முழுவதும் சொல்லுக்குள்ளேயே இருக்கும்.
– ந.

கிரெயினை ஏன் விட்டுவிட்டீர்கள்? நமக்கு நெல்லெடை இருக்கிறதே. ஆங்கிலேயர் வாற்கோதுமை மணியை வைத்தார்கள், நாம் நெல்லை வைத்தோம். நாலு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி...
– இர.

வேண்டாம் ஐயா. கிரெயின் 64.8 மில்லிகிராம். நெல்லுக்கு ஊருக்கு ஊர் எடை மாறும். வெடிமருந்து நிறுப்பவன் தராசில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். 'கிரெ.' என்று சுருக்கவும் வேண்டாம், கிராம் என்று படித்தால் அளவு பதினைந்து மடங்காகிவிடும்.
– வே.

வியாழன் இரவு. தோட்டா, குண்டு, உறை, கிரெயின் என்றே அனுப்பிவிட்டேன். காற்றை வெல்லும் திறனைக் குறிக்கும் எண்ணுக்கு 'எறிகெழு' என்று போட்டிருக்கிறேன். Coefficient என்பதற்குக் கெழுவா குணகமா என்று பேச நேரமில்லை.
– செ.

எறிகெழு நன்று. இலங்கை வாசகருக்குக் குணகம் என்று ஓரிடத்தில் சேருங்கள். ஆனால் கூர்முனையும் ஒடுங்கிய வாலுமாக இருப்பதைக் குண்டு என்று அச்சிடுவதற்கு என் ஒப்புதல் இல்லை.
– ந.