சிறுநீரகக் குழாயின் ‘காவி’: சொல் தகுமா?

மதிப்புக்குரிய கலைச்சொல் குழுவினருக்கு,

தாதிய மாணவர்களுக்கான சிறுநீரகக் குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அண்மை மடிந்த சிறுகுழாயின் (சிறுநீரக நுண்குழாயின் முதற் பகுதி) கலம் (செல்) குருதியிலுள்ள சேதன (organic) அமில அயனை உள்ளெடுத்து, பதிலுக்குத் தன்னுள் இருக்கும் கீற்றோகுளூட்டரேற்று என்னும் அயனை வெளிவிடுகிறது. வெளியே போனது சோடியத்தோடு சேர்ந்து மீண்டும் உள்ளே வருகிறது. அந்தச் சோடியத்தை வெளியேற்றுவதற்குச் செலவாகும் சக்தியே எல்லாவற்றையும் இயக்குகிறது. இம்மாற்றீட்டைச் செய்யும் புரதத்துக்குக் ‘காவி’ (சுமந்து செல்வது) என்றும், பெனிசிலின் இவ்வழியே சிறுநீருக்குள் போவதை மறிக்கும் புரோபெனசிட் என்னும் மருந்துக்குச் ‘சுரப்பு நிரோதி’ (சிறுநீருக்குள் சுரப்பதைத் தடுப்பது) என்றும் எழுதியுள்ளேன். தகுமா?

—

அன்புள்ள தங்கைக்கு,

காவி மிக நன்று. குடத்தைக் ‘காவி வா’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம்; புறநானூறு 206இல் ஔவையார் ‘காவினெம் கலனே’ என்கிறார். கா என்பது இரு முனையிலும் சுமை தொங்கும் தண்டு. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் புரதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ‘சேதனம்’ உணர்வுடையதைக் குறிக்கும் வடசொல். 1828இல் இரசாயனவியலாளர் வோலர் யூரியாவை ஆய்வுகூடத்தில் ஆக்கியபோதே, இத்தகைய சேர்வைகளுக்கு உயிர் வேண்டும் என்ற எண்ணம் ஆட்டங்கண்டது. அந்த யூரியாவைக் கழிக்கும் உறுப்பைப் பற்றி எழுதும்போதாவது ‘கரிம அமிலம்’ என்று எழுதலாகாதா? நிரோதியும் வேண்டாம், தடுப்பான் போதும்.

—

ஐயா, குழுவிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். காவடியின் இரு சுமைகளும் ஒரே திசையில் செல்வன. இங்கே அவை எதிரெதிராகச் செல்கின்றன. மேலும் நுளம்பை ‘நோய்க்காவி’ என்று படித்த பிள்ளை புரதத்தையும் கிருமி காவுவது என்று எண்ணக்கூடும். எனினும் என் பெரிய கவலை ‘சுரப்பு நிரோதி’ பற்றியது. புரோபெனசிட், வேறொரு காவியை மறித்து, யூரிக் அமிலம் சிறுநீரிலிருந்து மீள அகத்துறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வரும் வாதத்துக்கு அதனைக் கொடுப்பது அதனாலேயே. ஆகவே பெயர் திசையைச் சொல்லலாகாது. மறிக்கப்படும் புரதத்தைச் சொல்ல வேண்டும். சேதனமும் நிரோதியும் உயர்தர வகுப்பிலேயே பழகிய சொற்கள்; காபன் என்று படித்தவர்களுக்குக் கரிமத்தை இப்போது புகட்டுவது இரட்டைச் சுமை.

—

‘காவி நிரோதி’ என்று திருத்திவிட்டேன், நால்வர் இசைந்துள்ளனர். நோய்க்காவியிலிருந்து பிரித்துக் காட்ட, முதலிடத்தில் மட்டும் ‘காவிப் புரதம்’ என்று வரும்.

—

அச்சாகட்டும், தங்கையே. தடுப்பானை விட்டுக்கொடுத்தேன், கரிமத்தை விட்டுக்கொடுக்கவில்லை.