முதல் பதிப்பா, மறுவெளியீடா? ஒரு பெட்டிப் புத்தகத்துக்கும் போஸ்டருக்கும் எப்படி மதிப்புப் போடுவது?

கேள்வி: பெட்டிக்காரர்

12 ஆங்கில நாவல்கள், எல்லாம் கெட்டி அட்டை. ஒன்றில் காப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 என்று எண்கள். இன்னொன்றில் ‘முதல் பதிப்பு’ என்றே அச்சாகியிருக்கிறது, ஆனால் மேலுறையில் விலை இல்லை. கூடவே 27×41 அங்குல அமெரிக்க சினிமா போஸ்டர் ஒன்று, மடித்தது, கீழ் ஓரத்தில் ‘ஆர்57’ என்று தொடங்கும் எண். லாபி கார்டுகள் (தியேட்டர் முன்கூடத்தில் வைக்கும் பட விளம்பர அட்டைகள்) ஏழு. இணையத்தில் இதே போஸ்டருக்கு ஆளாளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: பழந்தாள்

எண் வரிசையில் மிகச் சிறிய எண் எதுவோ அதுதான் எத்தனையாவது அச்சு என்பது. உங்களுடையது மூன்றாவது. ஒரு விதிவிலக்கு: ரேண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் ‘முதல் பதிப்பு’ என்ற சொல்லோடு 2-இல் முடியும் வரிசையைப் போட்டது. அங்கே 2 இருந்தாலும் அது முதல் அச்சுதான்.

விலை இல்லாத மேலுறையைக் கழற்றிவிட்டு, பின்னட்டையில் முதுகை ஒட்டிய கீழ் மூலையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மையில்லாமல் அழுத்திய சின்னப் புள்ளியோ வட்டமோ சதுரமோ இருந்தால் புக் கிளப் பிரதி, அதாவது சந்தாதாரர்களுக்கென்று தனியாக மலிவாக அச்சிட்டது. மூலப் பதிப்பின் அச்சுத் தகடுகளையே பயன்படுத்துவதால் ‘முதல் பதிப்பு’ என்ற சொல் அப்படியே தங்கிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். மேலுறையின் மூலை கத்தரித்திருந்தால் அது வேறு கதை. பரிசளிக்கும்போது விலையை வெட்டுவது வழக்கம்.

20ஆம் நூற்றாண்டு நாவலின் மதிப்பில் பெரும்பகுதி மேலுறையில்தான் இருக்கிறது. அதனால் பிற்கால அச்சின் மேலுறையை முதல் அச்சுக்குப் போட்டு விற்பார்கள். மேலுறை பளிச்சென்று இருந்து, உள்ளே முதுகுத் துணி மட்டும் வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்: அந்தத் துணி வெயில் பட்ட காலத்தில் இந்த உறை அதன்மேல் இல்லை.

பதில்: லாபிகார்டு

‘ஆர்’ என்றால் மறுவெளியீடு, அதாவது பழைய படத்தை மீண்டும் திரையிட்டபோது அச்சிட்டது; 57 என்றால் 1957. நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் 1940 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை விநியோகித்த போஸ்டர்களில் இந்த எண் இருக்கும். முதல் வெளியீட்டில் ‘ஆர்’ வராது. மறுவெளியீட்டுக்கு மதிப்பு உண்டு, ஆனால் முதல் வெளியீட்டின் விலையோடு ஒப்பிடவே கூடாது. நீங்கள் பார்த்த விலைகளில் இரண்டும் கலந்திருக்கலாம்.

மடிப்பைக் குறையாக நினைக்காதீர்கள். 1980-களின் தொடக்கம் வரை தியேட்டர்களுக்குப் பெரும்பாலும் மடித்துத்தான் அனுப்பினார்கள். மடிப்புக் கோட்டை விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லையென்றால் அது படம்பிடித்து அச்சிட்ட நகல். பிறகு 10 மடங்கு லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்து பொதுவாக ஒரே மையாக, ஓரம் கூர்மையாக நிற்கும். நகலில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும்.

லாபி கார்டு 11×14 அங்குலம், பொதுவாக 8 கொண்ட செட். எது இல்லை என்று பாருங்கள். படத்தின் பெயர் தாங்கிய டைட்டில் கார்டு போயிருந்தால் இழப்பு பெரிது. கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகிவிடும். லேமினேட் செய்தால் மதிப்பு அதோடு போயிற்று.

பதில்: ஏலக்குறிப்பு

கேட்கும் விலையைத் தள்ளிவிடுங்கள், விற்ற விலையை மட்டும் எடுங்கள். அதே அச்சு, அதே நிலை, கடைசி இரண்டு மூன்று ஆண்டு விற்பனைகள் ஐந்தாறு கிடைத்தால் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பிடியுங்கள். ஏல முடிவுகளில் வாங்குபவர் தரும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும்; அதைக் கழித்து, விற்பவரின் கமிஷனையும் கழித்தால்தான் கைக்கு வருவது தெரியும். வியாபாரி அதைவிடக் குறைத்தே கேட்பார்; அவர் மாதக்கணக்கில் வைத்திருந்து விற்க வேண்டும்.

பெட்டிக்காரர்

பின்னட்டையில் சின்ன வட்டக் குழி இருக்கிறது. போஸ்டரின் மடிப்பு விரலில் தட்டுப்படுகிறது, எழுத்தும் கெட்டியாகவே தெரிகிறது.

லாபிகார்டு

அப்படியென்றால் பெரும்பாலும் 1957 மறுவெளியீட்டு அசல். விளம்பரத்தில் ‘மறுவெளியீடு’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மடிப்புகள் குறுக்கிடும் இடங்களில் ஊசித்துளை இருந்தால் கிட்டத்தில் படமெடுத்து விளம்பரத்தில் சேர்த்துவிடுங்கள்.