அம்மாவுக்கு டிரெட்மில்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம். அம்மாவுக்கு வயது 63, எடை 82 கிலோ. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவரை மூட்டுவலியும் தெருநாய்களும் சேர்ந்து வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டன. ஓடுவதற்கல்ல, மணிக்கு 3, 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க மட்டும் ஒரு டிரெட்மில் வேண்டும்.

கடையில் ‘4 குதிரைத்திறன்’ என்று பெருமையாகச் சொன்னார்கள். துருவிக் கேட்டபோதுதான் அது உச்சத் திறன், மோட்டார் தொடர்ந்து தருவது 2 மட்டுமே என்று தெரிந்தது. நடப்பதற்கு அது போதுமா? தாங்கும் எடை 100 கிலோ என்கிறார்கள். 120 இருப்பதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய கவலை வேறு. அம்மா சேலையில்தான் நடப்பார், சுடிதார் என்றால் முறைக்கிறார். முந்தானையோ கொசுவமோ பெல்ட்டில் சிக்கினால்? இடுப்பில் மாட்டும் பாதுகாப்புச் சாவி இழுபட்டால் இயந்திரம் உடனே நிற்கிறதா, பக்கவாட்டுப் பிடி நீளமாக உள்ள மாடல் எது, பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே மிக்சி சத்தத்துக்கே சண்டைக்கு வருபவர். பெல்ட்டுக்குச் சிலிகோன் எண்ணெய் விடுவதை நானே செய்துகொள்வேன். ஆனால் பழுதென்றால் மதுரையிலேயே ஆள் வந்து பார்க்கும் நிறுவனம் எது? கையிருப்பு 40,000 ரூபாய். துணி காயப்போடும் கம்பியாக மாறிய பழைய டிரெட்மில் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.