திட்டிக்கிட்டே தலை பின்னி விடுற அம்மா எந்தக் கதைல இருக்காங்க?

கேள்வி: படமோ புக்கோ, அம்மான்னா ஒண்ணு தியாகி இல்லன்னா வில்லி, பொண்ண திட்டிக்கிட்டே தலை பின்னி விடுற நடு ரகம் எங்கயாவது வருதா? சொல்லுங்கப்பா.

பதில் 1: லேடி பேர்ட் (2017) படம். துணிக்கடைல அம்மாவும் பொண்ணும் முட்டிக்கிட்டே இருப்பாங்க, சட்டுனு ஒரு டிரெஸ் கண்ல பட்டதும் சண்டைய மறந்து உருகிடுவாங்க. அந்த ஒரு செகண்ட் போதும்.

பதில் 2: எழுத்தாளர் அம்பையோட 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதை படிங்க. பொண்ணு வயசுக்கு வந்துடுறா, வீட்ல ஆளாளுக்கு ஏதோ பண்றாங்க, ஊருக்குப் போன அம்மா வந்தா எல்லாம் சரியாயிடும்னு காத்துக்கிட்டே இருப்பா. அம்மா வந்து ஒரு வரி கேப்பாங்க, அவ்ளோதான். அவங்க வில்லியும் கிடையாது, அதான் வலிக்குது.

பதில் 3: ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மனோட 'ஆட்டம் சொனாட்டா' (Autumn Sonata, 1978) படம். பொண்ணு தயங்கித் தயங்கி பியானோ வாசிப்பா, பெரிய கலைஞரான அம்மா பக்கத்துல உக்காந்து அதையே வாசிச்சுக் காட்டுவாங்க. அப்போ பொண்ணு அம்மாவ பாக்குற பார்வை இருக்கே… நான் அங்கயே பாஸ் பண்ணிட்டேன்.

கேள்வி கேட்டவர்: அம்பை கதைய இப்பதான் முடிச்சேன். அம்மாவுக்கு அனுப்பலாம்னு டைப் பண்ணி, அழிச்சிட்டேன்.